ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

அந்த வடையை அப்படியே பொட்டலத்துல வச்சிருங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் பக்கத்துல வந்து உக்காந்ததும் கையில இருக்கிற வடையைக் கீழ வைங்கிறானேன்னு நினைப்பீங்க. உங்களுக்கு வயித்து ஸ்கேன் என்னைக்கு? நாளைக்கா? அப்பக் கண்டிப்பா வச்சிருங்க. வீணாப் போகும்னா எங்கிட்டக் குடுங்க, நான் தின்னுர்றேன். என் ஈரல்தான் யாருக்கும் ஆகாத ஈரலாச்சே.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்குறீங்களா? உங்க காலைப் பாருங்க. புது ஷூ. இந்த ஆஸ்பத்திரி ஹால்ல வேட்டி கட்டியிருக்கட்டும், பேண்ட்டு போட்டிருக்கட்டும், கால்ல புத்தம்புது ஷூவோட உக்காந்திருக்கிற ஆம்பளை அத்தனை பேரும் எங்க கட்சி. பிள்ளைக்கு ஈரல் குடுக்கிறேன்னு மாரைத் தட்டிக்கிட்டு வந்து, ‘மொதல்ல நடந்து உன் கொழுப்பைக் குறைச்சிட்டு வா’ன்னு டாக்டர் விரட்டிவிட்ட கட்சி. நான் அந்தக் கட்சியில பழைய மெம்பர். தோத்துப்போன மெம்பர்.

உங்களுக்குப் பையனா? ஒன்றரை வயசா? அந்தா, தூண் பக்கத்துல ஒரு புள்ள குழந்தையை மடியில போட்டுத் தட்டிக்கிட்டு இருக்கே, அதுதான் உங்க வீட்டம்மாவா? சரி சரி. கவலைப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன் தம்பி. படுங்க. நல்லாக் கவலைப்படுங்க. நான் பட வேண்டிய நேரத்துல படாம, பந்தா பண்ணிக்கிட்டு இருந்தவன். அதான் சொல்றேன்.

எம்பேரு கருத்தபாண்டி. ஊரு விருதுநகர். புரோட்டா மாஸ்டர். எங்க ஊரு எண்ணெய் புரோட்டா கேள்விப்பட்டிருப்பீங்களே? மத்த ஊர்ல புரோட்டாவைச் சுடுவாங்க, நாங்க எண்ணெயில முக்கிக் குளிப்பாட்டி எடுப்போம். பதினாலு வயசுல மாவு பிசைய நின்னவன், இப்ப முப்பத்தொம்பது. எங்க அண்ணாச்சி கடையில எம்புரோட்டாவுக்கு மதுரையில இருந்து கார் போட்டுக்கிட்டு வருவாங்க. பெருமைக்குச் சொல்லல. பெருமைக்குத்தான் சொல்றேன், என்ன இப்ப?

எம்மகளுக்கு மிருத்திகான்னு பேரு. பிறந்த ரெண்டு மாசத்துலயே மஞ்சக்காமாலை. பித்தம் இறங்குற குழாயே சரியா அமையலன்னு சொல்லி ஒரு ஆபரேஷன் பண்ணினாங்க. ரெண்டு வயசு வரைக்கும் ஓடுச்சு. பெறகு திரும்பக் கண்ணு மஞ்சளாச்சு, வயிறு உப்புச்சு. இங்க கொண்டு வந்தோம். பெரிய டாக்டர் படத்தை லைட்டுல மாட்டிக் காமிச்சு, “ஈரல் சுருங்கி இறுகிப்போச்சு, மாத்தித்தான் ஆகணும். அப்பா அம்மா யாராச்சும் ஒருத்தர் ஒரு சின்னத் துண்டு குடுத்தாப் போதும். குடுத்தவங்களுக்குத் திரும்ப வளந்துரும்”னாரு.

எம்பொண்டாட்டி தங்கமாரி, “எனக்குப் பாருங்க சார்”னா.

அவ சொல்லி முடிக்கல, நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சிட்டேன். “நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், பொம்பளையை அறுக்க விடுவேனா? எம்பிள்ளைக்கு நான் தர்றேன் சார், எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க”ன்னேன். என்னமோ கடையில கறி நிறுத்துக் குடுக்கிற மாதிரி. டாக்டர் சிரிச்சாரு. “உக்காருங்க, ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுப்போம்”னாரு.

எடுத்தாங்க. பாப்பாவுக்கு பி பாசிட்டிவ். எனக்கும் பி பாசிட்டிவ். தங்கமாரிக்கு ஓ. எனக்குக் கால் தரையில படல தம்பி. “பாத்தியா, எம்பிள்ளை எங்குரூப்பு”ன்னு அவகிட்டச் சொன்னேன். பத்து மாசம் சுமந்தவகிட்ட. அதுவும் சொன்னேன். அந்த நர்ஸம்மா, “ஓ குரூப்பு யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம் சார்”னு ஒரு வார்த்தை சொல்லுச்சு. அதை நான் காதுல வாங்கல.

ரெண்டாவது நாள் ஸ்கேன் முடிவு வந்துச்சு. அவ ஈரல் அப்பழுக்கு இல்லாம சுத்தமா இருக்காம். எனக்கு? கொழுப்பு இருபத்தெட்டு சதவீதம். டாக்டர் என் வயித்தைப் பாத்தாரு, பேப்பரைப் பாத்தாரு. “என்ன வேலை பாக்குறீங்க?”ன்னாரு. சொன்னேன். “ம்”னாரு. அந்த ‘ம்’ல எங்க கடை எண்ணெய்ச் சட்டி மொத்தமும் இருந்துச்சு.

“அம்மாவே போதும். அடுத்த வாரமே வச்சுக்கலாம்”னாரு.

“நான் குறைச்சிட்டு வந்தா சார்?”

“ஆறு வாரமாவது ஆகும். பிள்ளை அது வரைக்கும் தாங்கும்னு நம்பலாம், உறுதியாச் சொல்ல மாட்டேன். வீட்ல பேசி முடிவெடுங்க”ன்னாரு.

பேசி முடிவெடுங்கன்னாரு பாருங்க. எங்க வீட்ல பேசுறதும் நானு, முடிவெடுக்கிறதும் நானு. பஸ்ஸு திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள எடுத்துட்டேன். அவ ஜன்னலோரம் பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு, “நானே குடுத்துர்றேனேங்க, எதுக்கு நாளைக் கடத்தணும்?”னு கேட்டா. “நீ சும்மா இரு. ஊர்ல என்ன பேசுவான்? பொண்டாட்டியை வெட்டக் குடுத்துட்டு வெளிய உக்காந்து டீ குடிச்சான்னு பேசுவான். ஆறு வாரம், ஆறே வாரம் பொறு”ன்னேன்.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. ஊர் பேசும்கிறது பாதிதான். மீதி என்னன்னா, அவ படுத்துட்டா பாப்பாவை யாரு பாக்குறது? எனக்குப் பாப்பா ஜட்டியில முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியாது தம்பி. பாப்பா சாப்பாட்டுல காரம் போடலாமா கூடாதா, எந்தப் பக்கம் படுத்தாத் தூங்கும், ஒண்ணும் தெரியாது. ஈரலை அறுத்துக் குடுத்துட்டு மயக்கத்துல கிடக்குறது எனக்குச் சுலபமாப் பட்டுச்சு. பாப்பாவோட முழிச்சிருக்கிறதுதான் பயமா இருந்துச்சு.

சரி, நடக்க ஆரம்பிச்சேன். ஷூ வாங்கினேன், அதைப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து, ‘மகளுக்காக’ன்னு வாட்ஸப்ல வச்சேன். விடிஞ்சா பைபாஸ் ரோட்டுல ஆறு கிலோமீட்டர். பால்காரன் கேட்டாலும் சொன்னேன், கேக்காட்டாலும் சொன்னேன். எங்க டீ மாஸ்டர் ரத்தினவேலு, “என்னண்ணே, வர்றவன் போறவனை எல்லாம் கும்பிட்டுக்கிட்டே நடக்குறீங்க, கவுன்சிலருக்கு நிக்கிறீங்களா?”ன்னான். அண்ணாச்சி அதுக்கு மேல ஒருபடி போயிட்டாரு. கடை வாசல்ல ஃப்ளெக்ஸ் வச்சுட்டாரு. எம்படம் பெருசா, கைகூப்பிக்கிட்டு. ‘மகளுக்கு ஈரல் ஈந்த தியாகச் செம்மல்’. ஈந்தன்னே போட்டுட்டாங்க, இன்னும் ஈயவே இல்ல. அடியில, ‘இங்கு எண்ணெய் புரோட்டா, பன் புரோட்டா, மட்டன் சுக்கா கிடைக்கும்’. வேணாம் அண்ணாச்சின்னு சொல்லணும்ல? சொல்லல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு, படம் நல்லா விழுந்திருக்கான்னு பாத்தேன்.

சாப்பாடா? அதுல நான் கறாரு. இங்க இருக்கிற டயட் மேடம் ஒரு நோட்டுப் போட்டுக் குடுத்து, தின்னது எல்லாம் எழுதுன்னாங்க. காலைல கேப்பைக் கூழு, மத்தியானம் காய்கறியும் முட்டை வெள்ளையும், பொழுதுசாய கோதுமை ரவை உப்புமா. ஒருநாள் தவறல. எங்குலசாமி மேல சத்தியமா, அந்த நாப்பத்தோரு நாளும் நான் தட்டுல புரோட்டா போட்டு உக்காந்து தின்னதில்ல.

தட்டுல போட்டு உக்காந்துதான் தின்னதில்ல. அதைக் கவனிச்சுக்கங்க.

எங்க தொழில்ல ருசி பாக்காம ஒண்ணை இறக்க முடியாது தம்பி. நாலு மணிக்குச் சால்னா கொதிக்கும். உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டுப் பாத்தா உப்பு தெரியும், காரம் தெரியாது. காரம் தெரியணும்னா ஒரு கரண்டி வேணும். தேங்காய் அரைச்சு ஊத்தின பெறகு இன்னொரு கரண்டி. சுக்கா வெந்திருச்சான்னு ஒரு துண்டு. ஒரு துண்டை வச்சு எப்படிச் சொல்றது, எலும்போட இருக்கிறதுல ஒண்ணு. மொத ஈடு புரோட்டாவைப் பிச்சு மடிப்பு உதிருதான்னு பாக்கணும். பாத்துட்டு மண்ணுலயா போடுறது? இது ஒண்ணும் சாப்பாடு இல்ல. என் குருநாதர் காலத்துல இருந்து எந்த மாஸ்டரும் இதைச் சாப்பாட்டுல சேக்க மாட்டான். “மாஸ்டர் சாப்டாச்சா?”ன்னு கேட்டா, ரெண்டு புரோட்டா அளவு உள்ள போயிருந்தாலும், “இன்னும் இல்ல, ருசிதான் பாத்தேன்”னு சொல்லுவோம். பொய்யி கிடையாது. மனசார அப்படித்தான் நினைக்கிறோம். அதனால நான் அதை நோட்டுல எழுதல.

அங்க நான் இப்படி ருசி பாத்துக்கிட்டு இருக்கேன். வீட்ல பாப்பாவுக்கு வயிறு ஏறுது. ஒடம்பெல்லாம் ஊறல் எடுக்கும் தம்பி, பித்தம் ரத்தத்துல கலந்தா அப்படித்தானாம். ரத்தம் வர்ற மாதிரி சொறிஞ்சுக்கும். தங்கமாரி ரெண்டு கையிலயும் சாக்ஸு மாட்டிவிட்டு, தேங்காயெண்ணெய் தடவி, மாத்தி மாத்தி ஊதிக்கிட்டே இருப்பா. நான் கடையில இருந்து வரும்போது பாப்பா தூங்கியிருக்கும். நான் நடந்துட்டு வரும்போது பாப்பா அழுதுக்கிட்டிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல எனக்கு வேலை கிடந்துச்சு, எடை பாக்கணும்ல.

பன்னெண்டாவது நாள் கேட்டா. “நான் குடுத்துர்றேங்க.” “ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கேன் புள்ள, இப்பப் போய் இப்படிச் சொல்றியே”ன்னேன். இருபத்தேழாவது நாள் திரும்பக் கேட்டா. பாப்பா கஞ்சியே இறங்காம வாந்தி எடுத்த அன்னைக்கு. “இன்னும் பதினாலே நாள். ஊரெல்லாம் சொல்லியாச்சு, ஃப்ளெக்ஸ் வச்சாச்சு”ன்னேன். ஃப்ளெக்ஸ் வச்சாச்சாம். இதை இப்ப உங்ககிட்டச் சொல்லும்போது என்னை நானே நாலு சாத்து சாத்தலாம்னு இருக்கு. அன்னைக்கு அது எனக்கு ஒரு நியாயமாத்தான் தெரிஞ்சுச்சு. அவ ஈரத்துணியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

நாப்பத்தோராவது நாள் இங்க வந்தோம். ஏழு கிலோ குறைஞ்சிருந்தேன். பேண்ட்டு நிக்க மாட்டேங்குது, கயிறு கட்டியிருந்தேன். மாப்பிள்ளை மாதிரி போய் ஸ்கேன் மெஷின்ல படுத்தேன். முடிவு வந்துச்சு. பத்தொம்பது. பதினஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் தொடுவாங்களாம்.

“மெஷினைச் சரியாப் பாருங்க”ன்னு சத்தம் போட்டேன். டயட் மேடம் என் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்தாங்க. “இதுதான் சாப்பிட்டீங்கன்னா இந்நேரம் பத்துக்கு வந்திருக்கணுமே. வேற ஒண்ணும் சாப்பிடலையா?”ன்னாங்க.

“பச்சைத் தண்ணி கூட அளந்துதான் குடிச்சேன் மேடம்.”

தங்கமாரி பின்னால நின்னுக்கிட்டிருந்தா. “மேடம், இவங்க கடையில ருசி பாப்பாங்க”ன்னா.

“எவ்வளவு?”

“கொஞ்சம் மேடம்”னேன் நான்.

“சால்னா நாலு கரண்டி. சுக்கா மூணு துண்டு. புரோட்டா ஒண்ணரை. ஆம்லெட்டு போட்டா அதுல ஓரம்”னா அவ. கடைக்கு ஒருநாள் வந்து பாத்தவ கிடையாது. என் சட்டையைத் துவைக்கிறவ, அதுலயே தெரிஞ்சிருக்கு. மேடம் பேனாவை வச்சுட்டு, “சார், நீங்க தினமும் ஒரு முழுச் சாப்பாடு கூடுதலாச் சாப்பிட்டிருக்கீங்க”ன்னாங்க. நான் என்ன சொன்னேன்னு நினைக்கிறீங்க? “அது தொழில் மேடம்”னேன். அவ்வளவு ஆனப்புறமும், அது தொழில் மேடம்.

சிரிங்க தம்பி, சிரிங்க. நானும் இந்த இடம் வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி எதுத்தாப்புல லாட்ஜுல உக்காந்திருந்தோம். நான், “இன்னும் ஒரே ஒரு மூணு வாரம் டைம் கேப்போம், இனிமே ருசி பாக்குறதையும் விட்டுர்றேன்”னு சொல்லிக்கிட்டிருக்கேன். பாப்பா கட்டில்ல உக்காந்தவாக்குல ஒரு இருமு இருமுச்சு. வாய்வழியா ரத்தம். கட்டி கட்டியா. பிள்ளை அழக்கூட இல்ல, என்ன இதுங்கிற மாதிரி தன் சட்டையைக் குனிஞ்சு பாக்குது. துண்டை எடுக்கணும்னு தெரியுது, கை வரல. தங்கமாரி பிள்ளையை அள்ளித் தோள்ல போட்டுக்கிட்டுச் செருப்புக் கூட இல்லாம ரோட்டைக் குறுக்கால கடந்து ஓடுறா. பஸ்ஸு காருன்னு எதையும் பாக்கல. நான் பின்னால பேண்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறேன். கயிறு அவுந்து போச்சு.

குழாய் விட்டு ரத்தத்தை நிறுத்திட்டாங்க. பெரிய டாக்டர் வந்தாரு. “இனிமே ஒருநாளும் தள்ள முடியாது. தள்ளினதே தப்பு”ன்னாரு. யாரைப் பாத்தும் சொல்லல. தங்கமாரி, “எம்பேரை எழுதுங்க”ன்னா. ஒரு ஃபாரம் குடுத்தாங்க. கட்டினவன் சம்மதம்னு அதுல ஒரு இடம் இருக்கு. அவ எங்கிட்ட நீட்டி, “இதுல கையெழுத்துப் போடுங்க”ன்னா. அவ்வளவுதான். போட்டேன்.

ரெண்டு நாள்ல ஆபரேஷன். ஒரு கதவுக்குள்ள அவளைத் தள்ளிட்டுப் போறாங்க, அடுத்த கதவுக்குள்ள பாப்பாவை. எந்தக் கதவு முன்னால நிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. பதினோரு மணி நேரம். ரத்தினவேலு துணைக்கு வந்திருந்தான், டீ வாங்கிட்டு வந்தான். பொண்டாட்டியை வெட்டக் குடுத்துட்டு வெளிய உக்காந்து டீ குடிச்சவன் நான்தான் தம்பி. குடிச்சேன். அழுதுக்கிட்டே குடிச்சேன்.

ரெண்டு பேரும் பொழைச்சாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு ஆபரேஷன். அவ ஒரு மாடியில, பாப்பா வேற மாடியில. கிருமி தொத்தும்னு ரெண்டு பேரையும் ஒருத்தரை ஒருத்தர் பாக்க விடல. பாப்பாகூட ஒருத்தர்தான் இருக்கலாம். யாரு இருக்கா? தியாகச் செம்மல்தான். தலைக்குத் தொப்பி, மூஞ்சிக்கு மாஸ்க்கு, பச்சைக் கவுனு. கண்ணு மட்டும் தெரியுது. பாப்பா முழிச்சு என்னையே பாத்துச்சு. பெறகு மெதுவா, “மாஸ்டர், அம்மா எங்க?”ன்னு கேட்டுச்சு.

மாஸ்டர்! வீட்டு வாசல்ல வர்றவன், போன்ல பேசுறவன், எல்லாவனும் மாஸ்டர், மாஸ்டர்னு கூப்பிடுறதைக் கேட்டுக் கேட்டு பிள்ளை அதையே பிடிச்சுக்கிச்சு. முன்னாடியும் அப்படித்தான் கூப்பிட்டிருக்காம். நான் கவனிச்சதில்ல. பக்கத்துல நின்ன நர்ஸு, “சார் நீங்க அப்பா இல்லையா?”ன்னு சந்தேகமாக் கேட்டுச்சு. அடையாள அட்டையைக் காமிச்சேன்.

மாத்தின ஈரலை ஒடம்பு வேத்தாளுன்னு நினைச்சுத் தள்ளிவிடப் பாக்குமாம். தள்ளாம இருக்கிறதுக்கு ஒரு மருந்து. காலைல ஒம்பது, ராத்திரி ஒம்பது, நிமிஷம் பிசகக் கூடாது. உங்களுக்கும் சொல்லுவாங்க. பாப்பா பல்லைக் கடிச்சுக்கிச்சு. கெஞ்சினேன், மிரட்டினேன், பொம்மை வாங்கித் தர்றேன்னேன். ஒண்ணும் நடக்கல. மூக்கைப் பிடிச்சு ஊத்தினா மேல துப்புது. மொத நாள் நர்ஸுக ரெண்டு பேரு பிடிச்சுத்தான் குடுத்தாங்க. அது கத்தின கத்துல தையல் பிரிஞ்சிருமோன்னு அது வயித்தையே பாத்துக்கிட்டு நின்னேன்.

ரெண்டாவது நாள் ஒம்பதாகப் போகுது. கையில மருந்தை வச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்குத் தெரிஞ்சது ஒரு வித்தைதானே தம்பி? “பாப்பா, இதைச் சாப்பிட வேணாம். ருசி மட்டும் பாரு. உப்பு போதுமான்னு சொல்லு, மாஸ்டர் போட்டுக்கிறேன்”னேன்.

யோசிச்சுச்சு. நாக்கை நீட்டி ஒரு சொட்டு வாங்குச்சு. கண்ணை மேல தூக்கிக்கிட்டு, வாயைச் சப்புக்கொட்டிப் பாத்துச்சு. நான் சால்னா பாக்குற அதே மாதிரி. யாரு சொல்லிக் குடுத்தா? “உப்பே இல்ல மாஸ்டர்”னுச்சு. “அப்படியா? இப்ப பாரு.” இன்னொரு சொட்டு. “காரம் இருக்கா?” இன்னொண்ணு. ஒம்பது அடிச்சு ஒரு நிமிஷத்துல மருந்து முழுக்க உள்ள போயிருச்சு. ஒருநாளைக்கு ரெண்டு வேளை, இன்னை வரைக்கும் அது மருந்து சாப்பிடல. ருசிதான் பாக்குது.

ஜட்டி மாட்டக் கத்துக்கிட்டேன். பூப்போட்டது முன்பக்கம் வரணும். எந்தப் பக்கம் படுத்தாத் தூங்கும்னு கத்துக்கிட்டேன். எல்லாம் பத்து நாள்ல. அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இது இவ்வளவுதான்னா, அந்த நாப்பத்தோரு நாள் எதுக்கு? பிள்ளை சொறிஞ்சு சொறிஞ்சு ரணமானது எதுக்கு? அந்த ரத்தம் எதுக்கு?

பதினோராவது நாள் தங்கமாரியை வீல் சேர்ல கூட்டிக்கிட்டு வந்து கண்ணாடிக்கு வெளிய நிறுத்தினாங்க. பாப்பா கண்ணாடியில கையை வச்சு அம்மா அம்மான்னுச்சு. அவளும் வச்சா. சிரிச்சா தையல் வலிக்குதுன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சா. திரும்ப அவ ரூமுக்குத் தள்ளிட்டுப் போறப்ப நான் மனசுல இருந்ததைக் கொட்டிட்டேன். “தப்புப் பண்ணிட்டேன் புள்ள. மொத நாளே நீ கேட்டப்ப விட்டிருக்கணும். என்னைத் திட்டு. ரெண்டு வார்த்தை திட்டிரு, எனக்கு ஆறிரும்”னேன்.

அவ சாதாரணமாத்தான் சொன்னா. கோவமாக்கூடச் சொல்லல. “உங்களை என்ன சொல்ல? எம்பிள்ளைக்கு நான் குடுக்கிறதுக்கு உங்ககிட்ட எதுக்குக் கேட்டுக்கிட்டு நின்னேன்னுதான் தெரியல. மூணு தடவ”ன்னா.

நான் வீல் சேர் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அவ ரூம் வரைக்கும் கூடவே நடந்தேன் தம்பி.

இப்ப பாப்பாவுக்கு நாலு வயசாகப் போகுது. நல்லா இருக்கு. வாய் ஓயுறதில்ல. இந்த ஒன்றரை வருஷமா எனக்கு ஒரே ஒரு குறைதான். தங்கமாரி எங்கிட்ட எதையும் கேக்குறதில்ல. சண்டை கிடையாது, முகம் திருப்புறது கிடையாது. நேரத்துக்குச் சோறு போடுவா, நான் சொல்ற தமாஷுக்குச் சிரிப்பா. ஆனா கேக்க மாட்டா, சொல்லுவா. ஒருநாள் வந்து, “ஸ்கூட்டர் ஓட்டப் படிச்சுட்டேன்”னா. ஒருநாள், “பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன்”னா. அந்த ஃப்ளெக்ஸைக் கூட அவதான் ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டினா, அண்ணாச்சிகிட்டயும் கேக்கல. இப்ப செக்கப்புக்கு டாக்டர்கிட்ட பாப்பாகூட ஒருத்தர்தான் உள்ள போகணும்னாங்களா? எந்திரிச்சா, பாப்பாவைக் கையில பிடிச்சா, போயிட்டா. நான் இங்க பையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மருந்தை நானும்தானே குடுக்கிறேன், நீங்களே சொல்லுங்க, ஒரு வார்த்தை கேட்டா என்ன?

சரி, எங்கதையை விடுங்க. உங்க வீட்டம்மாவுக்கு டெஸ்ட் எடுத்தாங்களா? ஒத்துப்போகுதுன்னாங்களா? அட! அப்ப எதுக்கு நீங்க...? ஓ. “நான் இருக்கும்போது அவ எதுக்கு”ன்னு சொல்லிட்டீங்களா. ம். அவங்க கேட்டாங்களா, நான் குடுக்கிறேன்னு? ரெண்டு தடவையா? இன்னைக்குக் காலைலயும் கேட்டாங்களா?

இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்கன்னா உங்களுக்கு நேரம் இருக்கு தம்பி. எந்திரிங்க. அந்தத் தூண் பக்கத்துக்குப் போங்க, உங்க டோக்கன் வந்தா நான் சத்தம் குடுக்கிறேன். போய்ப் பதில் சொல்லுங்க. அவங்க கேக்குறதை நிறுத்துறதுக்குள்ள சொல்லிருங்க.